சல்சாவில் ஆன்-1 ஆடுகிறவர் ஆன்-2 கற்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சல்சா ஓரளவு ஆடத் தெரிந்தவர்கள், டைமிங்கை மாற்றலாமா என்று யோசிக்கும்போது கேட்கிற கேள்விகள் இவை. ஆறு வருடம் ஆன்-1 மட்டும் ஆடிவிட்டு அப்புறம் ஆன்-2 கற்றவன் நான். இப்போது இரண்டும் ஆடுகிறேன். மாறுகிறவர்களுக்குச் சொல்லியும் கொடுக்கிறேன். ஜோடியில் வழிநடத்துகிற லீடர் பக்கம் நின்றே எழுதியிருக்கிறேன். அவரைப் பின்தொடர்ந்து ஆடுகிற ஃபாலோயருக்கு மாறுபடும் இடங்களை அங்கங்கே சொல்கிறேன்.

ஆன்-1, ஆன்-2 என்று எதைச் சொல்கிறார்கள்?

ஆடும்போது சல்சா இசையின் துடிப்புகளை எட்டு எட்டாக எண்ணுகிறோம். 1, 2, 3-க்கு மூன்று அடி. 4-இல் அடி கிடையாது. 5, 6, 7-க்கு மூன்று அடி, 8-இல் கிடையாது. இந்த ஆறு அடிகளில் இரண்டு விசேஷமானவை. முன்னால் போய்க்கொண்டிருந்த உடல் பின்னால் திரும்பும், அல்லது பின்னால் போனது முன்னால் திரும்பும். அந்தத் திரும்பும் அடிக்கு பிரேக் என்று பெயர். பிரேக் 1-லும் 5-லும் விழுந்தால் ஆன்-1. 2-லும் 6-லும் விழுந்தால் ஆன்-2.

ஆன்-1 பெரும்பாலும் லாஸ் ஏஞ்சலஸ் பாணி என்றும், ஆன்-2 நியூயார்க் பாணி என்றும் அறியப்படுகின்றன.

அப்படியானால் கால் முழுவதும் புதிதாகப் பழக வேண்டுமா?

வேண்டாம். இதை முதலிலேயே தெரிந்துகொண்டால் பாதி பயம் போய்விடும்.

ஆன்-1 ஆடும் லீடர் எந்தத் துடிப்பில் எந்தக் காலை வைக்கிறார் என்று பாருங்கள்: 1 இடது, 2 வலது, 3 இடது; 5 வலது, 6 இடது, 7 வலது. நியூயார்க் ஆன்-2-லும் அதேதான். 1 இடது, 2 வலது, 3 இடது. 5 வலது, 6 இடது, 7 வலது. எந்தத் துடிப்பில் எந்தக் கால் என்பது கொஞ்சம்கூட மாறவில்லை. கால் போகும் திசைதான் மாறுகிறது.

ஆன்-1இல் 1-க்கு இடது கால் முன்னால் போய் பிரேக் ஆகும். ஆன்-2இல் அதே இடது கால் 1-க்குச் சின்னதாகப் பின்னால் வரும், 2-க்கு வலது கால் அதைத் தாண்டி இன்னும் பின்னால் போய் பிரேக் ஆகும், 3-க்கு எடை மறுபடி இடது காலுக்கு வரும். 5-க்கு வலது சின்னதாக முன்னால், 6-க்கு இடது முன்னால் பிரேக், 7-க்கு எடை திரும்ப வலது காலுக்கு. ஃபாலோயருக்கு இதன் எதிரொலி: 1-க்கு வலது கால் சின்னதாக முன்னால், 2-க்கு இடது முன்னால் பிரேக், 6-க்கு வலது பின்னால் பிரேக்.

மூன்று அடிகளில் பிரேக் எங்கே உட்காருகிறது என்பதையும் கவனியுங்கள். ஆன்-1இல் அது முதல் அடி. ஆன்-2இல் நடு அடி. இதனால் அடி வைக்காத துடிப்பின் ருசியே மாறிப்போகிறது. ஆன்-1இல் பிரேக், திரும்பல், இன்னொரு அடி, அதன் பிறகுதான் இடைவெளி. ஆன்-2இல் பிரேக், திரும்பல், உடனே இடைவெளி. 7-இல் திரும்பிய உடல் 8 முழுக்க வழுக்கிக்கொண்டே வந்து 1, 2 என்று அதே திசையில் இறங்குகிறது. நல்ல ஆன்-2 ஆட்டக்காரர்களைப் பார்க்கும்போது அவர்களுக்கு மட்டும் நேரம் கூடுதலாகக் கிடைப்பது போலத் தோன்றுமே, அதற்குக் காரணம் இந்த இடம்தான். எட்டிலும் நான்கிலும் அவர்கள் நிற்பதில்லை, நகர்ந்துகொண்டிருக்கிறார்கள்.

ஆன்-2-லேயே இரண்டு வகை உண்டு என்கிறார்களே?

உண்டு. வகுப்பில் சேரும் முன் எது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

மேலே சொன்னது எடி டோரஸ் வழி. இசைக்கலைஞர் டிட்டோ புவென்டேயின் இசைக்குழுவோடு மேடையில் ஆடியவர் அவர். தெருவிலும் கிளப்பிலும் காதால் பழகிய ஆட்டத்தை எண்ணிக்கைக்குள் கொண்டுவந்து பல தலைமுறைக்குச் சொல்லிக்கொடுத்தவர். பால்ரூம் பின்னணி கொண்ட ஜூன் லபெர்டா என்ற ஆசிரியை அந்த எண்ணிக்கையை வகுக்க அவருக்குத் துணை நின்றார். இதில் அடிகள் 1-2-3, 5-6-7.

இன்னொன்று பல்லேடியம் ஆன்-2; பவர் 2 என்றும் சொல்வார்கள். அடிகள் 2-3-4, 6-7-8. 1-லும் 5-லும் அடி கிடையாது. நியூயார்க்கில் பிராட்வேயும் 53-ஆம் தெருவும் சந்திக்கும் இடத்தில் இருந்த பல்லேடியம் பால்ரூமின் பெயர் இது. 1950-களில் மச்சிட்டோ, டிட்டோ புவென்டே, டிட்டோ ரோட்ரிகெஸ் ஆகிய மூவரின் இசைக்குழுக்களும் அங்கே சல்சாவுக்கு முந்தைய மாம்போ இசையை வாசித்தன. 1966-இல் அது மூடப்பட்டது.

ஆன்-1 ஆடுகிறவருக்கு பல்லேடியம் வழி ஒரு விதத்தில் சுலபம்: அடி வரிசை, திசை எல்லாம் அப்படியே இருக்கும், மொத்தமும் ஒரு துடிப்பு தள்ளி ஆரம்பிக்கும். ஆனால் அந்த 1-இல் காலை வைக்காமல் பிடித்து நிறுத்துவது மனத்துக்குக் கஷ்டம். சோஷியலில், அதாவது எல்லோரும் கூடி ஆடும் நடன நிகழ்ச்சியில், நீங்கள் அதிகம் சந்திக்கப்போவது டோரஸ் வழிதான் என்பதால் அதையே முதலில் பழகச் சொல்வேன். இனி இங்கே ஆன்-2 என்றால் அதுதான்.

எது சிறந்தது? ஆன்-2தான் உண்மையான சல்சா என்று ஒருவர் சொன்னார்.

அப்படிச் சொல்கிறவர்களை நானும் பார்த்திருக்கிறேன். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஆன்-1இல் பாட்டின் மெலடியும் பித்தளைக் கருவிகளின் வெட்டும் நேரடியாக உடலில் ஏறும். டிரம்பெட் வெடிக்கிற இடத்தில் பிரேக்கும் விழுந்தால் கிடைக்கும் அந்த உதறலுக்கு ஈடு கிடையாது. லாஸ் ஏஞ்சலஸில் ஃபிரான்சிஸ்கோ வாஸ்கெஸும் அவருடைய சகோதரர்களும் வளர்த்த ஆட்டத்தைப் பார்த்தவர்கள் அதைக் குறைவாகப் பேச மாட்டார்கள்.

ஆன்-2 தருவது வேறொன்று. உடல் மெலடியை விட்டுத் தோல் கருவிகளின் பக்கம் சாய்கிறது. கற்க வேண்டிய காரணமும் அதுதான்: அதே பாட்டுக்குள் இதுவரை காதில் விழாத ஒரு அடுக்கு கேட்க ஆரம்பிக்கும்.

2-ஐக் காதால் எப்படிப் பிடிப்பது?

காங்கா என்ற, கையால் தட்டும் உயரமான மேளத்தைக் கேளுங்கள். எண்ணிக்கையெல்லாம் அதற்கு அப்புறம்.

காங்கா வாசிப்பவர் ஓயாமல் வாசிக்கும் அடிப்படைச் சொல்லுக்கு டும்பாவோ என்று பெயர். நான்கு துடிப்புக்கு எட்டுத் தட்டு. அதில் பெரும்பாலானவை உள்ளங்கையாலும் விரல் நுனியாலும் மெதுவாக விழுபவை, கூட்டத்தில் கேட்காது. இரண்டு ஒலிகள்தான் தூக்கலாகக் கேட்கும். 2-இல் ஒரு வறண்ட அறை: "டக்". 4-லும் அதை ஒட்டிய அரைத் துடிப்பிலும் திறந்த ஒலி இரண்டு: "தும்-தும்". அடுத்த நான்கிலும் அப்படியே, 6-இல் "டக்", 8-இல் "தும்-தும்".

ஆக, பாட்டு முழுக்க காங்கா சொல்லிக்கொண்டே இருப்பது இவ்வளவுதான்:

டக் … தும்-தும் … டக் … தும்-தும்

"டக்" விழும் இடத்தில் பிரேக். "தும்-தும்" விழும் இடத்தில் கால் தரையில் இறங்குவதில்லை, உடல் மட்டும் வழுக்குகிறது. ஆன்-2 காங்காவோடு ஒட்டிப் பிறந்தது போல இருப்பது இதனால்.

உட்கார்ந்தே பழகலாம். நாற்காலியில் அமர்ந்து, பாட்டைப் போட்டு, "தும்-தும்" வரும்போது மட்டும் இரண்டு விரலால் தொடையில் தட்டுங்கள். முதலில் இதைத் தேடச் சொல்வதற்குக் காரணம், "டக்"கை விட இது கனமான ஒலி, புதியவர் காதுக்கு எளிதில் அகப்படும். அது கையில் நிலைத்ததும் இடையில் வரும் "டக்" தானாகத் துலங்கும். நான் பத்து நாள் எழுந்திருக்காமல் இதை மட்டும் செய்தேன். பதினோராம் நாள் எழுந்து நின்றபோது, கால் எங்கே இறங்க வேண்டும் என்று யாரும் சொல்லத் தேவைப்படவில்லை.

ஒரு எச்சரிக்கை. பேஸ் கிட்டாரை நம்பி 1-ஐத் தேடாதீர்கள். சல்சாவின் பேஸ் பெரும்பாலும் 2-க்கும் 3-க்கும் நடுவிலும், 4-லும்தான் விழும். 4-இல் விழுந்த ஒலி அப்படியே 1-க்கு மேல் நீண்டு கிடக்கும். பலர் அந்த 4-ஐ 1 என்று எண்ணிக்கொண்டு மொத்த ஆட்டத்தையும் ஒரு துடிப்பு முன்னால் ஆடிவிடுகிறார்கள்.

கிளாவே தெரிந்தே ஆக வேண்டுமா?

ஆடத் தொடங்க வேண்டாம். ஆனால் ஒரு நாள் அதற்கு வந்தே தீருவீர்கள். இரண்டு மரக்கட்டைகளைத் தட்டி எழுப்பும் ஐந்து தட்டுகள்தான் கிளாவே. எட்டுத் துடிப்பில் ஒரு பாதிக்கு மூன்று, மறு பாதிக்கு இரண்டு. இரண்டு முதலில் வந்தால் 2-3 கிளாவே: தட்டுகள் 2, 3, 5, ஆறரை, 8. மூன்று முதலில் வந்தால் 3-2: 1, இரண்டரை, 4, 6, 7. 2-3 பாட்டில் முதல் தட்டே 2-இல் விழுகிறது பாருங்கள். அப்படிப்பட்ட பாட்டுகளில் ஆன்-2 பழகினால் ஊன்றுகோல் கிடைத்த மாதிரி இருக்கும். பல பாட்டுகளில் கட்டையை யாரும் தட்டவே மாட்டார்கள். பியானோவும் பித்தளைக் கருவிகளும் அதை உள்ளே வைத்துக்கொண்டு வாசிக்கும்.

முதல் சில வாரம் எப்படிப் பயிற்சி செய்வது?

பார்ட்னர் இல்லாமல், டர்ன் இல்லாமல். இதில் நான் பிடிவாதமாக இருப்பேன். தெரிந்த டர்ன் வரும்போது உடல் அந்த டர்னோடு சேர்ந்த பழைய டைமிங்கையும் இழுத்துக்கொண்டு வரும். ஆறு வருடமாக இரண்டும் ஒன்றாகவே பதிந்திருக்கிறது, அதன் மேல் தப்பில்லை.

காது தயாரானதும் பேசிக் ஸ்டெப்பை மட்டும் எடுங்கள். மெதுவான பாட்டு வேண்டும். சல்சா பாட்டுகள் நிமிடத்துக்கு 150-இலிருந்து 250 துடிப்பு வரை ஓடும். 180-இல் ஓடும் பாட்டில் ஒரு துடிப்பு என்பது ஒரு வினாடியில் மூன்றில் ஒரு பங்கு. யோசிக்கவே நேரம் கிடையாது. பாட்டின் வேகத்தைக் குறைக்கும் செயலியில் 120, 130-க்கு இறக்கிக்கொள்ளுங்கள்.

அப்புறம், வாயால் எண்ணும்போது "ஒன்று, இரண்டு, மூன்று" என்று எல்லாவற்றையும் சமமாகச் சொல்லாதீர்கள். 2-லும் 6-லும் மட்டும் குரலை அழுத்துங்கள். ஒரு மாணவி மூன்று வாரமாக 1-இல் போய் பிரேக் ஆகிக்கொண்டிருந்தார். கால் திசை எல்லாம் மனப்பாடம், ஆனாலும் பாட்டு ஆரம்பித்ததும் பழைய இடத்துக்கே போனார். அருகில் நின்று கேட்டபோதுதான் தெரிந்தது: "ஒன்று" என்பதை மட்டும் பலமாகச் சொல்லி மற்றதை முணுமுணுத்துக்கொண்டிருந்தார். வாய் அழுத்திய இடத்தில் கால் இறங்கியது. அழுத்தத்தை "இரண்டு"க்கு மாற்றச் சொன்னேன். அன்றைக்கே சரியாகிவிட்டது.

1-க்கும் 5-க்கும் வைக்கும் அடி சின்னதாக இருக்கட்டும். அதைப் பெரிதாக வைத்தால் 2-க்கு இடம் மிஞ்சாது, பிரேக் அவசரப்படும். பாதம் அளவுக்கு மேல் நகர வேண்டாம்.

இது இரண்டு பாட்டுக்குத் தொடர்ந்து நிலைத்தால் ஷைன்ஸ், அதாவது பார்ட்னரைப் பிடிக்காமல் தனியாகப் போடும் காலடிகள், சேர்க்கலாம். அதற்கும் பிறகு, ஃபாலோயரை உங்கள் மறுபக்கம் கடத்திவிடும் கிராஸ் பாடி லீட். இங்கே ஒரு மாற்றம்: ஆன்-1இல் ஃபாலோயர் உங்களைக் கடந்து போவது 5-6-7-இல்; ஆன்-2இல் 1-2-3-இல். ஃபாலோயர் 6-இல் பின்னால் பிரேக் ஆகிறார், 7-இல் எடை திரும்புகிறது, 8-இல் நீங்கள் வழியைத் திறந்து வைத்திருக்க வேண்டும், 1-இல் அவர் நடக்க ஆரம்பிக்கிறார். அந்த 8-இல் வழி திறக்காமல் இருப்பதுதான் மாறுகிற லீடர்கள் அதிகம் செய்யும் பிழை.

பாட்டு சூடு பிடித்ததும் நான் ஆன்-1-க்கு நழுவிவிடுகிறேன். ஏன்?

கௌபெல் என்ற கைமணிதான் காரணம். பாட்டின் பிற்பகுதியில், பாடகரும் கோரஸும் மாறி மாறிப் பாடும் இடத்தில், போங்கோ என்ற சிறிய இரட்டை மேளத்தை வாசிப்பவர் அதைக் கீழே வைத்துவிட்டுக் கைமணியை எடுப்பார். அது 1, 3, 5, 7-ஐ ஓங்கி அடிக்கும். இத்தனை நேரம் காங்காவைப் பிடித்துக்கொண்டிருந்த காது அந்த மணிக்குத் தாவும், கால் காதைத் தொடரும்.

மணி வரும் என்று முன்கூட்டியே தெரிந்துவைத்திருங்கள். அது வந்ததும் டர்னை நிறுத்திவிட்டு இரண்டு பேசிக் போடுங்கள். மணி 1 என்று அடித்ததும் அதற்கு அடுத்து பிரேக் என்று எடுத்துக்கொண்டால், உங்களை இழுத்த அதே மணி வழிகாட்டும். நழுவிவிட்டால் பார்ட்னரிடம் ஒரு புன்னகை, ஒரு பேசிக், திரும்ப வந்துவிடலாம். யாரும் கோபிக்க மாட்டார்கள்.

ஃபாலோயருக்கு இது சுலபம் என்கிறார்களே, உண்மையா?

பாதி உண்மை. நல்ல லீடர் கிடைத்தால் முதல் நாளே ஆன்-2 ஆடிவிட முடியும். ஆனால் அது அவருடைய டைமிங், உங்களுடையது ஆகாது. லீடர் தடுமாறும்போது நீங்களும் சேர்ந்து தடுமாறினால், காது இன்னும் தயாராகவில்லை என்று புரிந்துகொள்ளுங்கள். நாற்காலிப் பயிற்சி உங்களுக்கும் உண்டு.

ஃபாலோயர்களுக்கென்று ஒரு பழக்கம் கடினமாக வரும்: 1-இல் பின்னால் போகாமல் இருப்பது. வலது காலுக்கு 1 என்றாலே பின்னால் என்று பதிந்திருக்கும். அந்த ஒரு அடியை முன்னால் வைப்பதை மட்டும் தனியாக நூறு தடவை செய்து பாருங்கள். பாட்டே இல்லாமல் செய்தாலும் சரி.

ஆன்-2 கற்றால் ஆன்-1 கெட்டுப்போகுமா?

கொஞ்ச நாள் கெடும். எனக்கு இரண்டு மாதம் எதுவும் சரியாக வரவில்லை. ஆன்-1 ஆடும்போது 2-இல் திரும்பினேன், ஆன்-2 ஆடும்போது 1-இல் திரும்பினேன். ஒரு சோஷியலில் நல்ல பாட்டுக்கு நடுவில் பார்ட்னரோடு மோதி, மன்னிப்புக் கேட்டுவிட்டு ஓரமாகப் போய் நின்றதும் உண்டு. அன்றைக்கு விட்டுவிடலாம் என்றே நினைத்தேன். விடாததற்கு நன்றியோடு இருக்கிறேன். அது கடந்ததும் ஆன்-1 முன்னைவிட நன்றாக இருந்தது, ஏனென்றால் இப்போது 1 எங்கே இருக்கிறது என்பது பழக்கத்தால் தெரியவில்லை, காதால் தெரிந்தது.

கியூப பாணி ஆடுகிறேன். எனக்கு இது எப்படி?

கியூபாவின் சொன் ஆட்டத்தில் வரும் கொன்ட்ராதியெம்போ என்ற டைமிங் உங்களுக்குத் தெரியுமானால் 2-3-4, 6-7-8 ஏற்கெனவே உங்களிடம் இருக்கிறது. பல்லேடியம் வழி உடனே கைகூடும். டோரஸ் வழிக்குப் போகும்போது 4-லும் 8-லும் அடியை விட்டுவிட்டு 1-லும் 5-லும் வைக்கப் பழக வேண்டியிருக்கும். வட்டமாக நகர்ந்து பழகிய உடல் ஒரே கோட்டில் நகரவும் வேண்டும். உண்மையில் டைமிங்கைவிட அதுதான் உங்களுக்கு அதிக நாள் எடுக்கும்.

எத்தனை மாதம் ஆகும்?

வாரத்துக்கு நான்கு நாள், நாளுக்கு இருபது நிமிடம் தனியாகப் பயிற்சி செய்கிறவர்கள் இரண்டு மூன்று மாதத்தில் சோஷியலில் ஒரு முழுப் பாட்டை ஆன்-2இல் ஆடிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். எண்ணாமல் ஆட அதைப் போல இரண்டு மடங்கு. வகுப்புக்கு மட்டும் வந்து போகிறவர்களுக்கு ஒரு வருடமும் போதாமல் போகலாம்.

ஆடிக்கொண்டிருக்கும்போதே ஒரு டைமிங்கிலிருந்து இன்னொன்றுக்குத் தாவ முடியுமா?

முடியும், தாவவே வேண்டியதில்லை. எந்தத் துடிப்பில் எந்தக் கால் என்பது மாறவில்லை என்று மேலே சொன்னேன் அல்லவா, அது இங்கே கைகொடுக்கும். ஆன்-1இல் 5-6-7 முடித்ததும் உங்கள் எடை வலது காலில் இருக்கும், இடது கால் காலியாக இருக்கும். வழக்கமாக 1-க்கு அதை முன்னால் வைப்பீர்கள். அப்படி வைக்காமல் சின்னதாகப் பின்னால் வையுங்கள். 2-க்கு வலது கால் பின்னால் போகட்டும். ஆன்-2-க்கு வந்துவிட்டீர்கள், அடி விடவும் இல்லை, கூட்டவும் இல்லை.

பார்ட்னரையும் அழைத்து வர வேண்டும் என்பது மட்டும் பாக்கி. ஃபாலோயர் 1-இல் பின்னால் போகத்தான் தயாராக இருப்பார். 8-இல், அவர் எடை இடது காலில் இருக்கும்போது, கையைத் தள்ளாமல் ஒரு விரல் அளவு உங்கள் பக்கம் எடுங்கள். இழுக்க வேண்டாம், நீங்கள் பின்னால் சாய்வதே போதும். அவர் வலது கால் முன்னால் வரும். வராவிட்டால் கையைத் தளர்த்திவிட்டு அந்த எட்டை ஆன்-1-லேயே ஆடி, அடுத்த 8-இல் திரும்பக் கேட்டுப் பாருங்கள். முதலில் வாய்விட்டே கேட்டுவிடுவது இன்னும் நல்லது: "ஆன்-2 ஆடலாமா?" பெரும்பாலும் சந்தோஷமாகத் தலையாட்டுவார்கள்.